ஊருக்கே அறை தரும் ஏற்காட்டுக் குடும்பம், கப்பலில் அறை எடுத்தபோது...

மே மாதம் ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு விடுமுறை என்பதே கிடையாது. கோடை விழா, அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுக்கு நீள வரிசை. மலையேறும் வண்டிகளை அடிவாரம் பாதையிலும், இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பாதையிலும் போலீஸ் திருப்பிவிடும் அளவுக்குக் கூட்டம். அடுத்தவர்களின் விடுமுறைக்காக ஊரே வேலை பார்க்கும். ஜூன் பிறந்தால்தான் மூச்சு விட முடியும்.

காபித் தோட்டத்தை ஒட்டி நான்கு அறைகளுடன் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அப்பத்தா, பிளஸ் ஒன் போகும் மகள், ஏழாவது படிக்கும் மகன். விருந்தினருக்குச் சமைப்பது அம்மாவின் பொறுப்பு. சீசன் முடிந்ததும் எங்காவது போகலாம் என்று பேச்சு வந்தபோது, அம்மா போட்டது ஒரே நிபந்தனை: “நான் சமைக்காத இடமா இருந்தா எங்க வேணா போலாம்.”

ஊட்டி, கொடைக்கானல் என்றார் அப்பா. மலையில் இருப்பவர்களை மலைக்கே கூட்டிப்போகிறாரே என்று எல்லாரும் சிரித்தார்கள். மகள் போனை நீட்டினாள். சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல். இரண்டு இரவு, மூன்று நாள்.

இந்தக் கப்பல்கள் ஜூன் மாதத்தில் சென்னைக்கு வருவதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிப்பதால், மும்பை, கோவா பக்கம் ஓடும் கப்பலுக்கு அப்போது வேலை குறைவு. வங்கக் கடல் அந்த மாதங்களில் ஓரளவு பரவாயில்லை. 2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய ‘எம்பிரஸ்’ கப்பல்தான் இந்தப் பக்கம் பலருக்கும் அறிமுகம். 1990-ல் கட்டிய கப்பல் அது. 11 அடுக்கு, சுமார் 1,800 பயணிகள். 2023-ல் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. ஆனால், யூடியூபில் பார்க்கிற ராட்சதக் கப்பல்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 2024-ல் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 20 அடுக்கு; 365 மீட்டர் நீளம்; ஏழு நீச்சல் குளம்; உச்சபட்சமாக 7,600 பயணிகள் வரை ஏற்றும். அது ஒரு மிதக்கும் டவுன். சென்னைக் கப்பலை ஒரு பெரிய கல்யாண மண்டபத்தோடு சேர்ந்த ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டு போனால் சந்தோஷமாகத் திரும்பலாம்.

விளம்பரத்தில் வரும் தொகையை நம்பி யாரும் பட்ஜெட் போடக் கூடாது. துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் அதன் மேல் வரும். வைஃபை, மது, காபி ஷாப் காபி எல்லாம் தனிக் கணக்கு. அப்பா இரண்டு நாள் கால்குலேட்டரோடு உட்கார்ந்து, ஜன்னல் இல்லாத உள் அறைகள் இரண்டு எடுத்தார். இருப்பதிலேயே மலிவு அவைதான்.

சேலத்தில் இறங்கி இரவு ரயில். ஏற்காடு எக்ஸ்பிரஸேதான். (பேரில் ஏற்காடு இருந்தாலும் அந்த ரயில் மலைப்பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது. ஈரோட்டிலிருந்து சேலம் வழியாகச் சென்னை போகிறது.) துறைமுகத்தில் விமான நிலையம் மாதிரியே சோதனை. அசல் அடையாள அட்டை எல்லாருக்கும் வேண்டும். வெளிநாடு என்றால் பாஸ்போர்ட். கைக்குழந்தை ஆறு மாதத்துக்குக் குறைவு என்றாலோ, கர்ப்பம் 24 வாரத்தைத் தாண்டியிருந்தாலோ பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். பெரிய பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். எனவே மாத்திரை, மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவத்தி கூடாது. கடலில் தீ என்றால் ஓட இடமில்லை. வீட்டில் செய்த தின்பண்டத்துக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. அப்பத்தாவின் எள்ளுருண்டை டப்பா கரையோடு நின்றுவிட்டது. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

ஏறியதும் ஆபத்துக்காலப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எங்கே வந்து கூட வேண்டும் என்று காட்டுவார்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்காமல் இதைக் கவனிப்பது நல்லது.

குமட்டலுக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழம் முகர்ந்தபடி ஏறி இறங்குகிற ஊர் இது. ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் பக்கவாட்டில் நீருக்கடியில் துடுப்பு போன்ற தகடுகள் உண்டு. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தால் இன்னும் குறைவாகத் தெரியும். அப்படியும் முதல் இரவு அப்பாவுக்குத் தலை சுற்றியது. மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும்தான் சரியானது. மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டு, குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும். வந்த பிறகு அதிகம் பயனில்லை.

அப்பத்தாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனால், உள் அறையின் இருட்டு அவருக்குப் பிடிபடவில்லை. ஜன்னல் இல்லாததால் மணி மூன்றா, எட்டா என்று தெரியாது. “ஏன் கண்ணு, விடிஞ்சிருச்சா?” என்று ராத்திரி நாலு தடவை பேத்தியை எழுப்பினார். முதியவர்களோடு போகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது ஜன்னல் அறை எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் குளியலறை விளக்கையாவது எரியவிட வேண்டும்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. காலையில் இட்லி, மதியம் வட இந்திய வகைகள், சைவத்துக்குத் தனி வரிசை. காபிதான் சகிக்கவில்லை. சொந்தக் கொட்டையை வறுத்து அரைத்துக் குடிக்கிற வீட்டுக்கு மெஷின் காபியைக் கொடுத்தால் வேறென்ன சொல்வார்கள்?

அம்மா விஷயத்துக்கு வருவோம். முதல் நாள் அவரால் உட்காரவே முடியவில்லை. சாப்பிட்ட தட்டுகளைத் தானே அடுக்கினார். மேஜைமேல் சிந்தியதைத் துடைத்தார். மறுநாள் காலை எழுந்ததும் படுக்கையை உதறி, விரிப்பை இழுத்துச் செருகி, ஈரத்துண்டுகளை மடித்து வைத்துவிட்டார். அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் பதறிப்போனான்.

“அக்கா, நீங்க இதெல்லாம் பண்ணாதீங்க. சூப்பர்வைசர் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு.”

தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஒப்பந்தப்படி சில மாதங்கள் தொடர்ந்து கப்பலிலேயே வாசம், அதன் பிறகுதான் ஊர். அம்மா அவனிடம் கேட்ட முதல் கேள்வி தொழில்காரக் கேள்வி: “ஒருத்தருக்கு எத்தனை ரூம் தம்பி?”

“பதினஞ்சுக்கு மேல வரும்க்கா. காலையிலயும் சாயந்தரமும்.”

நான்கு அறைக்கே மே மாதம் முழுக்க முதுகு ஒடிகிறவர், அதைக் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவன் துண்டை மடித்து யானை செய்து வைப்பதைப் பார்த்தார். எப்படி என்று கேட்டதற்கு, ஒரே தடவை வேகமாகச் செய்துகாட்டிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினான். அன்று மதியம் பஃபேயில், ஒரு வாய் கடித்துவிட்டு வைத்த கேக்கும் மலையாகக் குவித்து மீந்த பிரியாணியும் மேஜை மேஜையாகக் கிடப்பதைப் பார்த்து மகனின் தட்டில் கை வைத்தார்: “தின்னு முடிச்சிட்டு அடுத்தது எடு.”

சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுத்தவர் எழுந்தபோது மாலை ஆறு மணி. பகலில் அப்படித் தூங்கி எத்தனை வருடமாயிற்று என்று அவருக்கே கணக்கில்லை. யாரும் எழுப்பவுமில்லை. அதற்குள் மகன் நீச்சல் குளத்தில் கண் சிவக்க ஊறியிருந்தான். அங்கே பெரியவர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும் என்பதால் அப்பாவும் வெயிலில் காய்ந்தார். கரை மறைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டதால் மகள் முதல் இரண்டு மணி நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பிறகு பக்கத்து அறைப் பெண்ணோடு சினேகமாகிவிட்டாள். போனை ஃப்ளைட் மோடில் போடாவிட்டால் கப்பலின் ரோமிங் கட்டணம் தனியாகப் பதம் பார்க்கும். சூதாட்டக் கூடம் நடுக்கடலில்தான் திறக்கும். சிறுவர்களுக்கு அனுமதி இல்லை. 2022-ல் இதே சூதாட்ட விஷயம் சர்ச்சையாகி, ‘எம்பிரஸ்’ கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் போனது.

சாயங்காலம் அப்பத்தாவை மேல்தளத்துக்குக் கூட்டிவந்தார்கள். சேர்வராயன் கோயில் உச்சியில் நின்று கீழே ஊர்களைப் பார்த்தே பழகிய கண். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“எந்தப் பக்கமும் ஒரு மேடுகூட இல்லையே!”

அவ்வளவுதான் சொன்னார். மேலே ஒரு நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கப்பலுக்குள் பணம் கையில் புழங்காது. அறைச் சாவி அட்டையே பர்ஸ். தேய்க்கத் தேய்க்கக் கணக்கு ஏறி, கடைசி இரவு பில்லாக வரும். மகள் குடித்த மூன்று மில்க் ஷேக்கும் இரண்டு போட்டோவும் சேர்ந்து அப்பாவின் கணக்கைக் கவிழ்த்தன. அதில் அவர் கோபமாக இருந்தபோதே, அம்மா தன் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துத் தலையணை மேல் வைத்தார். சேவைக் கட்டணம்தான் ஏற்கெனவே கட்டியாயிற்றே என்றார் அப்பா. “அது கம்பெனிக்குக் கட்டுனது. இது அந்தத் தம்பிக்கு” என்றார் அம்மா.

கடைசியாக ஒன்று. இறங்குவதற்கு முந்தைய இரவே பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். காலையில் அவை துறைமுகத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் போடும் துணியை எடுத்து வைத்துக்கொள்ள மறக்கக் கூடாது. அப்பா மறந்துவிட்டார். சென்னைத் துறைமுகத்தில் அவர் லுங்கியோடுதான் இறங்கினார்.