மெமரி கார்டும் அதன் வேகமும்

நம் கல்லூரி விடுதி மாணாக்கர் பலர் எம்மிடம் வந்து வினவும் வினாக்களுள் ஒன்று, கைபேசிக்கும் பிற கைக்கருவிகளுக்கும் வேகம் மிகுந்த மெமரி கார்டைப் பெருவிலை கொடுத்து வாங்குதல் தகுமோ தகாதோ என்பதாம். நினைவட்டை என்று எழுதுவாரும் உளர். எனினும் அச்சொல்லைக் கடையிற் சென்று கூறின் கடைக்காரர் விழிப்பர். ஆதலின் யாமும் மெமரி கார்டு என்றே எழுதிச் செல்வோம். இவ்வினாவிற்கு யாம் முன்னர் அளித்த விடை வேறு; இப்பொழுது அளிக்கும் விடை வேறு. இடையில் நிகழ்ந்ததை மறைத்து விடையை மட்டும் உரைத்தல் நேர்மையாகாது.

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, முதுகலைத் தமிழ் வகுப்பு மாணாக்கர் ஒருவர் எம்மிடம் வந்தார். அவர் தம் ஊரிலும் அயலூர்களிலும் மூதாட்டியர் பாடும் ஒப்பாரிப் பாடல்களைக் கைபேசியிற் படமும் குரலுமாகப் பதிவு செய்து வந்தவர். கைபேசியோ மிகப் பழையது. உள்ளிடம் முழுதும் நிரம்பி, ஒரு செயலியைத் திறப்பதற்குள் பொறுமையுடையார்க்கும் பொறுமை போய்விடும். "ஐயா, கார்டை மாற்றினால் போன் வேகமாகுமா?" என்று கேட்டார். யாம் சிறிதும் ஆராயாது, "தம்பி, வாங்குவதானால் இருப்பதிலேயே வேகமானதை வாங்கிவிடு" என்றோம். ஆசிரியர் வாக்கை அவர் ஐயுறவில்லை. கோடை விடுமுறையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுதும் நின்று ஈட்டிய பணத்தைக் கொண்டு, சாதாரணக் கார்டைப் போல் இருமடங்கு விலையுள்ள ஒன்றை வாங்கினார். அதன் உறையில் வினாடிக்கு 170 மெகாபைட் எனக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

ஒரு வாரம் சென்று மீண்டும் வந்தார். "முன்போலத்தான் இருக்கிறது, ஐயா" என்றார். குறை கூறும் குரலிற் கூறவில்லை. அதுவே எமக்கு அதிக வெட்கத்தை உண்டாக்கிற்று.

அன்று மாலை துறை அறையில் இருவரும் அமர்ந்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு சோதித்தோம். ஒப்பாரிப் பதிவுகள் ஏறக்குறைய 8 ஜிகாபைட் இருந்தன. பழைய கார்டைக் கைபேசியில் இட்டு, கணினியினின்று கேபிள் வழியாக அவற்றை ஏற்றினோம். 4 நிமிடமும் 50 வினாடியும் ஆயின. புதிய கார்டை இட்டு ஏற்றினோம். 4 நிமிடமும் 30 வினாடியும் ஆயின. இருமடங்கு விலைக்கு இருபது வினாடி! பின்னர் ஒரு நல்ல கார்டு ரீடரைக் கொணர்ந்து, புதிய கார்டைக் கைபேசியினின்று கழற்றி அதிற் செருகி ஏற்றினோம். இரண்டு நிமிடத்திற்குள் வேலை முடிந்தது. கார்டின்மேற் குற்றமில்லை. அக்கைபேசியும் அதன் கேபிளுமே அகலமான ஆற்றைச் சிறு மதகின் வழியாக விட்டுக்கொண்டிருந்தன.

அதன்பின்னரே யாம் இவ்விஷயத்தை முறையாகப் படித்தோம். மைக்ரோ எஸ்.டி. என்னும் சிறு கார்டுகளிற் பெரும்பாலானவை யு.எச்.எஸ்.-1 என்னும் வகையின. அவ்வகையின் விதிப்படி வினாடிக்கு 104 மெகாபைட்டே மேல்வரம்பு. அதற்கு மேல் உறையிற் கண்ட எண்ணெல்லாம், கார்டு செய்தோர் தம் சொந்த முறையால் எய்துவது; அதற்கென்று அமைந்த ரீடரில் அன்றிப் பிற கருவிகளில் அது கிட்டாது. யு.எச்.எஸ்.-2 என்பது வினாடிக்கு 312 மெகாபைட் வரை செல்லவல்லதேனும், கார்டின் பின்புறத்தே இரண்டாம் வரிசைத் தொடுமுனைகளை உடையது; கருவியிலும் அவ்வரிசை இல்லையாயின் அது யு.எச்.எஸ்.-1 போலவே நடக்கும். இன்னும், உறையிற் பெரிதாய் நிற்பது பெரும்பாலும் படிக்கும் வேகமேயன்றி எழுதும் வேகமன்று. எழுதும் வேகத்திற்கு உறுதி கூறுவன கார்டின்மேல் உள்ள சிறு குறிகளே: வட்டத்துள் 10 என்றிருப்பின் வினாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது எழுதும், வி 30 என்றிருப்பின் 30 மெகாபைட். கைபேசியில் 4கே காணொளி எடுப்பதற்கும் பெரும்பாலும் வினாடிக்கு 100 மெகாபிட், அதாவது பன்னிரண்டரை மெகாபைட்டே வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பார் சிலரே.

செயலிகளைக் கார்டில் வைப்பார்க்கோ வேறொரு கணக்கு. செயலி திறக்கையிற் கருவி ஒரு பெரிய கோப்பை நேரே படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்கின்றது. இதற்கென ஏற்பட்ட குறிகள் ஏ1, ஏ2 என்பன. ஏ1 கார்டு வினாடிக்கு 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வல்லதாதல் வேண்டும். ஏ2 கார்டு 4,000 முறையும் 2,000 முறையும். ஆனால் ஏ2 கார்டின் திறமை வெளிப்படுவதற்குக் கருவியும் அம்முறையை அறிந்திருத்தல் வேண்டும். அறியாத கருவியிற் சில ஏ2 கார்டுகள் ஏ1 கார்டுகளுக்குப் பின்னிட்டதும் உண்டு.

நிற்க. யாம் மாணாக்கருக்குச் செய்த தீங்கு இருபது வினாடியோடு முடியவில்லை. வாங்கிய கார்டு வீணாகலாகாதே என்று எண்ணி, இரண்டாவதாகவும் ஒரு யோசனை கூறினோம். ஆண்ட்ராய்டில் 2015 ஆம் ஆண்டு வந்த ஆறாம் பதிப்பு முதலாக, கார்டைப் போனின் உட்சேமிப்பாகவே ஆக்கிக்கொள்ளும் வசதி பல கைபேசிகளில் உண்டு. அவ்வாறு ஆக்கினால் செயலிகளுக்கு இடம் கிடைக்கும். கைபேசியும் இளைப்பாறும் என்றோம். அங்ஙனமே செய்தார், உண்மையில் சிறிது இளைப்பாறவும் செய்தது. பதிவுகளையும் அதிலேயே ஏற்றினார். துறைக் கணினி பலரும் புழங்குவது என்று அங்கிருந்த பிரதியை நீக்கினார். பழைய கார்டைத் துடைத்துப் பள்ளியிற் படிக்கும் தம் தங்கைக்குக் கொடுத்தார்.

அக்டோபர் மாதத்து மழையில் ஒருநாள் கைபேசி நனைந்து, பின் எழவேயில்லை. கார்டிற்கு ஒரு சேதமும் இல்லை. எனினும் உட்சேமிப்பாக ஆக்கப்பெற்ற கார்டில் உள்ளவையெல்லாம் மறையெழுத்தாக மாற்றப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி அக்கைபேசிக்குள்ளேயே இருக்கும். ஆகவே நூற்றெழுபது மெகாபைட் கார்டு எந்தக் கருவியிலும் வாய் திறக்கவில்லை. முப்பத்தொரு பாடல்களில், வாட்ஸ்அப்பில் எமக்கு அவர் அனுப்பியிருந்த நான்கு மட்டும் எஞ்சின. டிசம்பர் விடுமுறையில் மீண்டும் ஊர்தோறும் சென்று பதிவு செய்தார். பெரும்பாலோர் மனமுவந்து பாடினர். முன்பு ஒன்பது பாடல்கள் பாடிய ஒரு மூதாட்டிக்கோ அதற்குள் நினைவு தடுமாறிவிட்டது. அவ்வொன்பதில் ஒன்றே எம் கைபேசியில் உள்ளது. "நான்தான் ஐயா, இன்னொரு நகல் வைத்திருக்க வேண்டும்" என்று அவர் எமக்கே ஆறுதல் கூறினார். அவ்வொரு கார்டின் விலைக்கு இரண்டு சாதாரணக் கார்டுகள் வந்திருக்கும் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

இனி, வேகமான கார்டு எவர்க்கும் வேண்டாவோ எனின், அற்றன்று. காமிராவில் நாள்தோறும் பல ஜிகாபைட் படமெடுத்து, நல்ல ரீடர் வழியாகக் கணினிக்கு மாற்றுவார்க்கு மிச்சமாகும் நேரம் பெரிது. எம் சோதனையே அதற்குச் சான்று. சில கருவிகளில் அது விருப்பமன்று, கட்டாயம். நின்டெண்டோ கம்பெனி 2017 இல் வெளியிட்ட சுவிட்ச் என்னும் கைவிளையாட்டுக் கருவியும், வால்வ் கம்பெனி 2022 இல் வெளியிட்ட ஸ்டீம் டெக்கும் யு.எச்.எஸ்.-1 வாய் உடையன. அவற்றிற்கு நல்ல சாதாரணக் கார்டே சாலும். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 என்பதோ, மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்னும் புதுவகைக் கார்டில் அன்றி விளையாட்டுகளைச் சேமிக்க இடங்கொடாது. பழைய கார்டினின்று படங்களையும் காணொளிகளையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே. எம் தமக்கையார் மகன் இதையறியாது விரைவுக் கார்டு என்று யு.எச்.எஸ்.-2 ஒன்றை வாங்கிவந்து முகம் வாடிப்போனான்.

ஆகவே இப்பொழுது எம்மிடம் கேட்போர்க்கு, உமது கருவியின் வாய் எவ்வகையது, கார்டினை எதற்கு உபயோகிப்பீர், பிரதி எங்கே உள்ளது என்று யாமே முதலிற் கேட்கின்றோம். நம்பத்தக்க கடையில் வாங்கி, எப்3 போன்ற இலவசச் செயலியால் ஒருமுறை முழுதும் நிரப்பிச் சோதிக்கவும் சொல்கின்றோம்; 128 ஜிகாபைட் என்று அச்சிட்டு உள்ளே சிறிதளவே உடைய போலிக் கார்டுகள், நிரம்புங்காலத்தில்தான் தம் சுயரூபத்தைக் காட்டும்.

அம்மாணாக்கர் இப்பொழுது ஆய்வு மாணாக்கர். ஒரே விலையுள்ள சாதாரணக் கார்டுகள் இரண்டு வைத்திருக்கின்றார். ஒன்று அவர் கைபேசியில், தனிக் கார்டாகவே. மற்றொன்று எம் மேசை இழுப்பறையில் ஓர் உறைக்குள் கிடக்கின்றது. மாதத்தின் முதற் சனிக்கிழமை வந்து புதிய பதிவுகளை அதில் ஏற்றிச் செல்கின்றார். எட்டு நிமிடம், சில நாள் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் தேநீர் வந்துவிடும்.