சாம்பியனில் ஒரு பகல்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகிற ரயிலுக்கு அவசரமே கிடையாது. கோரமண்டல், ஊரிகாம், அடுத்து சாம்பியன். பெயர்ப் பலகையில் கன்னடம் இருக்கிறது. பெட்டிக்குள் காதில் விழுவதோ வட ஆற்காட்டுத் தமிழ்.

கோலார் தங்கவயலின் இந்த ஊருக்குள் நுழைந்தால் சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கல்மாவைக் கொட்டிக் கொட்டிக் குன்றாக்கியிருக்கிறார்கள். மழை அதில் ஆழமான ஓடைகளைக் கிழித்திருக்கிறது. கையில் அள்ளினால் பவுடர்போல விரலிடுக்கில் வழிகிறது. காற்றுக் காலத்தில் இது வீட்டுக்குள் வந்து, மூடிய சோற்றுப் பானையிலும் படியுமாம்.

திப்பு வீழ்ந்தபின் மைசூரின் எல்லையை அளக்க வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். 1802-இல், தங்கம் இருக்குமிடத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசித் துகளைக் காட்டினார்கள். அவர் எழுதிவைத்ததைப் பிற்பாடு படித்த லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய், 1871-இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி வந்தது. கண்டுபிடித்தவர்கள் என்று இவர்களைத்தான் படித்திருக்கிறோம். மண்ணை அலசிக் காட்டியவர்களில் ஒருவர் பெயரையாவது எங்கேனும் படித்த ஞாபகம் எனக்கில்லை.

பிறகு எல்லாம் வேகம்தான். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூருக்கு வெளிச்சம் கிடைக்க 1905 ஆயிற்று. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கமிருந்து வந்த கூலிகள், பெரும்பாலும் தலித்துகள், மூங்கில் தட்டி வீடுகளில் குடியிருந்துகொண்டு, சாம்பியன் ரீப்ஸில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள்.

ஆனால் அவர்களை வெறும் கூலிகளாக மட்டும் பார்ப்பது பாதி வரலாறுதான். அயோத்திதாசரின் பௌத்தம் வேர்பிடித்த மண் இது. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. அயோத்திதாசர் நடத்தி, அவர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழ், 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வந்தது. 1930-இல் கைரேகை வைத்துப் பதிவுசெய்துகொள்ளச் சொன்னபோது, முடியாது என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளியிடம் கேட்பதை உழைப்பவனிடம் கேட்டால் வேறென்ன நடக்கும்?

1965-இல் இதே சாம்பியன் ரீப்ஸின் ஆழத்தில்தான் டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்தார்கள். “மேலேர்ந்து வர்றத பிடிக்கக் கீழே இறங்கினாங்க சார்” என்று சிரித்தார் டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடும்வரை வேலையிலிருந்தவர். மகன் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான்.

கே.ஜி.எஃப். படம் பார்த்தீங்களா என்றேன்.

“பார்த்தேன். சுத்தியால அடிக்கிறான், சவுக்கால அடி வாங்குறான். நாங்க மெஷின் புடிச்சவங்க சார். எங்களுக்கு யூனியன் இருந்துச்சு, பி.எஃப். புடிச்சாங்க.” கிளாஸைக் கீழே வைத்தார். “ஆனா பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு.”