களத்துக் கணக்கு

எங்கள் லிங்கராஜபுரத்தில் தை பிறந்துவிட்டால் ஊர் அரிசி வந்து இறங்கத் தொடங்கும். சேலம், தருமபுரி, திருவண்ணாமலை, தஞ்சை எனப் பிறந்த மண் வேறாயினும், மூட்டையுடன் சந்துக்குள் நுழைவோர் முகத்தில் தோன்றும் பெருமிதம் ஒன்றே. புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தனாகப் பணிபுரியும் அடியேனும், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிற்றூருக்குச் சென்று, பிரியாக் குடும்ப நிலத்தின் பங்காக, செலவு நீக்கி நான்கு சிப்பம் அரிசி கொணர்வது வழக்கம்.

இவ்வாண்டு களத்தில், நிலத்தைக் கவனித்துவரும் சிற்றப்பா மகன், "அண்ணே, நாற்று விட்டவன் நான், மடை காத்தவன் நான், பங்கு மட்டும் சரிபாதியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். என் செவியில் அது சிரிப்பாக விழவில்லை. இரண்டு சிப்பத்தை அவனிடமே விட்டு இரவு வண்டி ஏறினேன். உறக்கம் வரவில்லை, படித்தவையெல்லாம் நினைவில் ஓடின.

தஞ்சைத் தரணிக்கு இவ்வழக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 'சமுதாயம்' எனப்பெற்ற ஊர்கள் பல இருந்தன. நிலம் பொது, விளைவைப் பங்குக்காரர் பங்கு வீதப்படி பிரித்துக்கொண்டனர். சில ஊர்களில் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தையே மாற்றிப் பங்கிட்டனர். கரையீடு என்று அதற்குப் பெயர். பங்கு பிரியுமுன் தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் களத்திலேயே நெல் அளந்தனர். கேட்க இனிக்கிறது. ஆனால் சேற்றில் இறங்கிய பண்ணையாளுக்குப் பங்கு கிடையாது, அளந்து போட்ட கூலியே உண்டு. பழைய பொதுவுடைமை என்று இதைப் புகழ்வோர் இவ்விடத்தில் சற்று இருமிக்கொள்வர்.

அயல்நாட்டார் உழைப்பையே அளவுகோலாக்கினர். சோவியத்துக் கூட்டுப்பண்ணையில் அரசுக்குரியதும் விதையும் ஒதுக்கியபின் எஞ்சியதே உழைப்பு நாள் கணக்கில் பிரிந்தது; எஞ்சாத ஆண்டில் கணக்கு மட்டும் எஞ்சியது. 1966இல்தான் அங்கே உறுதியான மாதக்கூலி ஏற்பட்டது. சீனத்தில் 1958இல் கம்யூன்கள் தோன்றியபோது பொதுச் சமையற்கூடத்தில் விலையின்றி உணவிட்டனர். தொடர்ந்து வந்த பெரும்பஞ்சத்தில் அக்கூடங்கள் மூடப்பட்டன. பின்னர், தானியத்தில் ஒரு பகுதி தலைக்கணக்கிலும் ஒரு பகுதி உழைப்புப் புள்ளியிலும் பிரிக்கப்பட்டது. ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 10 புள்ளி என்றால் பெண்ணுக்குப் பெரும்பாலும் 7 அல்லது 8. குழந்தைகள் மிகுந்த வீடு, உண்ணத் தானியம் பெற்றது. ஆண்டு முடிவில் குழுவுக்குக் கடன்பட்டும் நின்றது.

கலிலேயாக் கடலருகே 1910இல் தோன்றிய தெகானியா கிப்புட்சில் புள்ளியும் இல்லை, கூலியும் இல்லை. உண்பதும் உடுப்பதும் பொதுவிலிருந்தே. அதுவும் 2007இல் வேலைக்கேற்ற ஊதியத்துக்கு மாறிவிட்டது.

விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டே சிப்பங்களைக் கண்ட என் மனைவி, "மற்ற இரண்டு எங்கே?" என்றாள்.

"உழைத்தவனிடம்" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவர்கள் வீட்டில் உண்பவர் மூவர், நம் வீட்டில் அறுவர்" என்று சொல்லிவிட்டு, சிப்பத்தைப் பிரித்துப் படியை எடுத்தாள்.