தாழ்த்திய காரும் பின்னாசனமும்

பாதையின் மேடுபள்ளம் சில்லோடு நின்றுவிட வேண்டும். அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பை அது எட்டலாகாது. மாட்டுவண்டிக்கு வில் பொருத்தி அதற்கு வில்வண்டி என்று பெயரிட்ட காலத்திலேயே நம்மவர் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர் எனலாம். அவ்வாறு தேடிப் பெற்ற வில்லை இன்று நம் இளைஞர் சிலர் பணங்கொடுத்து வெட்டுவிக்கின்றனர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளில், நிலத்தை உரசுவதுபோல் தாழ்ந்து ஊரும் கார்களை மாலைவேளைகளிற் காணலாம். ‘லோ பண்ணுதல்’ என்பது இதற்கு வழங்கும் பெயர்.

இவ்வாசைக்குக் காலமும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. புதியதை வாங்க இயலாதவன் உள்ளதை அலங்கரிக்கின்றான். என் காக்காவும் அத்தகையோரில் ஒருவர். தமது பழைய மிற்சுபிசி லான்சரின் நான்கு சுருள்வில்களிலும் ஒவ்வொரு சுற்றை ஒரு கராஜில் வெட்டுவித்தார். கார் அழகாகத்தான் இருந்தது. அதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் அக்காரிலே மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்லும் எங்கள் உம்மும்மா, மூன்றாவது வேகத்தடையைத் தாண்டியதும், “இதுக்கு ஆட்டோவே நல்லம் மனே” என்றார்.

வில் குறுகினால் கார் தாழும் என்பது எவருக்கும் விளங்கும். அது ஏன் விறைக்கின்றது என்பதே பலரும் எண்ணிப் பாராதது. பாடசாலையில் விற்றராசைத் தொங்கவிட்டு நாம் கற்ற ஊக்கின் விதி, றொபேட் ஊக் 1678 இல் விளக்கி வெளியிட்டது. வில்லின் நீட்சி அதன்மீதுள்ள விசைக்கு விகிதசமமானது என்பதோடு நம் பாடம் முடிந்துவிட்டது. அதே கம்பியிற் சுற்றுகள் குறையக் குறைய வில் கடினமாகும் என்பது கராஜில் கற்கவேண்டிய மிகுதிப் பாடம். தொழிற்படும் சுற்றுகள் ஆறுள்ள வில்லில் ஒன்றை வெட்டினால், எஞ்சிய ஐந்தும் சேர்ந்து முன்னையிலும் ஐந்திலொரு பங்கு கூடுதலாக விறைத்து நிற்கும். காரின் பாரத்தால் 25 சென்ரிமீற்றர் அமுங்கும் வில், விநாடிக்கு ஏறத்தாழ ஒரு தடவை ஆடும். 6 சென்ரிமீற்றர் மட்டும் அமுங்குவது இரு தடவை ஆடும். முன்னையது தொட்டில், பின்னையது குலுக்கல். மனித உடலோ மேல்கீழான அதிர்வுகளுள் விநாடிக்கு 4 முதல் 8 வரையானவற்றையே மிகுதியாக உணர்கின்றது. வில் விறைக்குந்தோறும் நாம் அந்த எல்லையை நோக்கியே நகர்கின்றோம்.

எனினும் உம்மும்மாவை வருத்தியது விறைப்பு மட்டுமன்று. சில்லு மேலெழுவதற்கென இருந்த இடைவெளியும் குறைந்துவிட்டது. வேகத்தடையில் ஏறிய சில்லு, அசைவின் எல்லையிலுள்ள இறப்பர்க் குற்றியிற் போய் மோதியது. ‘டொக்’ என்ற அவ்வோசை எழும் கணத்தில் வில் இருந்தும் இல்லாததே. அக்கணத்துக்கு அது வில்லற்ற பழைய கட்டை வண்டிதான்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஷொக் அப்சோபரை மாற்றச் சொன்னார் ஒருவர். நீண்ட வில்லுக்கென அமைந்தது குறுகிய வில்லோடு இசையாது என்பது மெய்யே. ஆனால் இழந்த இடைவெளியை எந்த ஷொக் அப்சோபரும் மீட்டுத் தராது. டயரிற் காற்றைக் குறைக்கச் சொன்னார் வேறொருவர்; டயர் சூடேறி ஓரந் தேய்வதே அதன் பலன். தாழ்ந்த கார் வளைவுகளிற் சாயாது ஓடும் என்பது காக்காவின் வாதம். பந்தயத் திடலில் அது செல்லும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வீதி சமதரை. சாய்ந்து ஓடவேண்டிய மலைவளைவு எங்கே இருக்கிறது? மாரியில் ஒழுங்கைகளிலே தேங்கும் வெள்ளத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

இதிலே எனக்கு உறுத்துவது ஒன்றுண்டு. ஓட்டுபவர் இரு அச்சுகளுக்கும் இடையே அமர்கின்றார். பின்னாசனமோ பின்னச்சை அண்மித்தது. 1930களில் அமெரிக்காவின் கடிலக் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த மொறிஸ் ஒலி, முன்வில்கள் பின்வில்களிலும் மென்மையாக இருந்தால் கார் முன்பின்னாக ஊசலாடுவது குறையும் என்று கண்டார். கண்மட்டத்துக்கு வெட்டும்போது அந்தப் பொருத்தத்தை யார் பார்க்கிறார்கள்? வெட்டச் சொன்னவர் முன்னே இருக்கிறார். அதிர்வை ஏற்பவரிடம் எவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரே கார் உள்ள ஊர்களில் அது ஒருவருடைய கார் அன்று.

ஈற்றில் வெட்டிய வில்கள் கழன்றன. சுருக்கிய வில் சில்லு தொங்கும்போது தன் இருக்கையை விட்டு விலகக்கூடும் என்று வேறொரு மெக்கானிக் காட்டியதே காக்காவை அசைத்தது. என் கணக்குகள் அல்ல. அக்காருக்கெனவே செய்யப்பட்ட, ஓரங்குலமளவு மட்டும் தாழ்த்தும் வில்களையும் அவற்றுக்கிசைந்த ஷொக் அப்சோபர்களையும் பொருத்தினார். பழைய மென்மை திரும்பவில்லை. ‘டொக்’ மட்டும் நின்றது. உம்மும்மா இப்போது முன்னாசனத்திலேயே கிளினிக்குக்குச் செல்கிறார். பின்னாசனம் காக்காவின் கூட்டாளிமாருக்கு உரியதாயிற்று. அவர்கள் இதுவரை முறையிடவில்லை.