அரசுக் குடியிருப்பில் ஒரு டியூப் ப்ரீஆம்ப்

பன்னிரண்டு அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் போதும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் 95 டெசிபலுக்கு மேல் அறையும். மேடைக்கென்று செய்யப்பட்ட டியூப் ஆம்ப்களோ 50 வாட், 100 வாட். அவற்றை முக்கால்வாசி திறந்து வைத்தால்தான் பவர் டியூப்கள் திணறி, கிட்டார்க்காரர்கள் ஏங்கும் அந்தக் கரகரப்பு வரும். தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இது நடக்காது. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண். மேலே ஓய்வுபெறப் போகும் அதிகாரி. அங்கே வசித்துக்கொண்டே வருடக்கணக்காக டியூப் ஒலியில் வாசிக்கும் ஒருவரைப் பார்க்கத்தான் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

ஐ.என்.ஏ. மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தில்லி ஹாட், முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட், சற்றுத் தள்ளி சரோஜினி நகர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று லக்ஷ்மிபாய் நகரில் இருக்கிறது. நான் பார்க்கப் போனவர், அண்ணா என்று அழைப்பேன், அங்கே படித்தவர். வாரநாட்களில் அமைச்சகத்தில் கோப்பு. சனி, ஞாயிறில் கிட்டாரும் சால்டரிங் அயர்னும். 1991-ல் தில்லியில் பரிக்ரமா குழு தொடங்கிய காலத்து ராக் மோகம் ஒரு காதில், மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கேசட் இன்னொரு காதில் என்று வளர்ந்தவர். மின்கிட்டாரில் கர்நாடக இசையைக் கொண்டுவந்த சுகுமார் பிரசாத், பிரசன்னா இருவரைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்.

"உட்கார். எடுத்ததுமே எதை வாங்கலாம்னு கேக்காதே. எங்க வாசிக்கப் போற, அதுக்கு அப்புறம் சத்தம் எதுக்குள்ள போகப் போகுது, அதைச் சொல்லு" என்றார்.

மேசையில் மூன்று ப்ரீஆம்ப்கள், அதாவது பவர் ஆம்புக்கு முன்னால் கிட்டாரின் சிக்னலைப் பெருக்கும் பெட்டிகள், இருந்தன. மூன்றும் ஒரே வகை டியூபுக்கென்று செய்தவை: அமெரிக்கப் பெயரில் 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் இசிசி83. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குழாய், ஒன்பது கால்கள், உள்ளே இரண்டு ட்ரையோடுகள். ஒவ்வொரு பாதியின் பெருக்கக் காரணியும் 100. சர்க்யூட்டில் மாட்டினால் நடைமுறையில் 50, 60 மடங்கு பெருக்கும். பிக்கப்பிலிருந்து வரும் சில நூறு மில்லிவோல்ட்டை முதல் பாதி பெருக்கி இரண்டாம் பாதிக்குத் தள்ளுகிறது. அளவுக்கு மீறித் தள்ளினால் அலையின் உச்சி மழுங்குகிறது. இதெல்லாம் வோல்ட் கணக்கில் நடப்பதால் ஸ்பீக்கரைக் கத்தவிட வேண்டியதில்லை. குவார்ட்டர்ஸ்வாசிக்கு ப்ரீஆம்ப் பொருந்துவது இதனால்தான்.

முதல் பெட்டி மைக்குக்காகச் செய்த மலிவு ரகம். முகப்பில் சின்ன ஜன்னல், அதற்குள் செம்மஞ்சளாக ஒளிரும் டியூப். பார்க்க அழகு. அண்ணா அதன் அடாப்டரைத் திருப்பிக் காட்டினார்: 12 வோல்ட். "உள்ள வோல்டேஜை ஏத்துற சர்க்யூட்டும் கிடையாது. டியூபோட பிளேட்டுக்கு 250 வோல்ட்டாவது போகணும். இதுல போறது அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. பெருக்கறதெல்லாம் பக்கத்துல இருக்கிற ஐ.சி. எரியுதேன்னு மயங்காதே, பின்னாடி எல்இடி பல்பு வெச்சிருக்கான்."

வாசித்துப் பார்த்தேன். ஒலி மோசமில்லை, லேசான தடிப்பு வந்தது. ஆனால் அழுத்தி மீட்டினாலும் மென்மையாக மீட்டினாலும் ஏறக்குறைய ஒரே முகம். இந்த ரகப் பெட்டிகளில் கிட்டாருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. மைக் உள்ளீட்டின் தடை ஓரிரு ஆயிரம் ஓம்தான். கிட்டார் பிக்கப்புக்கு எதிரே சுமார் 1 மெகா ஓம் இருந்தால்தான் மேல்ஸ்தாயிப் பளபளப்பு மிஞ்சும். ஆகவே கிட்டாருக்கென்று தனி உள்ளீடு இருக்கிறதா என்று பார்க்காமல் மைக் ப்ரீஆம்ப் வாங்கினால், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதாகக் கேட்கும்.

இரண்டாவது, பிளாக்ஸ்டார் நிறுவனத்தின் எச்டி வரிசைப் பெடல். இதற்கும் அடாப்டர்தான். ஆனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை உயர்த்தி, டியூபுக்கு 300 வோல்ட் கொடுக்கிறது. வித்தியாசம் விரலில் தெரிந்தது. கெயின் குமிழை ஒன்பது மணி நிலையில் வைத்து மெதுவாக மீட்டினால் சுத்தமான நாதம். அதே இடத்தில் அழுத்தினால் ஓரத்தில் மட்டும் கரகரப்பு. கிட்டாரின் வால்யூமை ஏழுக்குக் குறைத்தால் கரகரப்பு விலகி நிற்கிறது. கால் பெடலைத் தொடாமல், சுண்டுவிரலால் வால்யூமைத் திருப்பியே இரண்டு மூன்று ஒலிகள் எடுக்கலாம். "கடைக்குப் போனா இதை மட்டும் செஞ்சு பாரு. கெயினைப் பாதில வெச்சுட்டு கிட்டார் வால்யூமைக் குறை. தெளிவானா நல்ல பெட்டி. சத்தம் மட்டும் குறைஞ்சு அழுக்கு அப்படியே இருந்தா வெச்சுட்டு வந்துடு."

அடுத்து, அதை எதில் செருகுவது? அவரிடம் சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப் இருக்கிறது. அதன் முன்பக்க உள்ளீட்டில் செருகினோம். கனத்துப்போன, நடுப்பகுதி குழம்பிய ஒலி. காரணம் சுலபம்: ஆம்பின் முன்பக்கத்திலேயே ஒரு ப்ரீஆம்பும் டோன் சர்க்யூட்டும் இருக்கின்றன, நாம் அதன் தலையில் இன்னொன்றை ஏற்றியிருக்கிறோம். அதே ஆம்பின் பின்புறம் 'எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்' என்றொரு துளை. கேபிளை அங்கே மாற்றியதும் உள்ளூர் ப்ரீஆம்ப் வழியிலிருந்து விலகிவிட, டியூப் நேராகப் பவர் ஆம்புக்குப் பேசியது. பழைய ஆம்ப் வைத்திருப்பவர்கள் முதலில் இந்தத் துளை இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

பிறகு ஆம்பை அணைத்துவிட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக ஹெட்ஃபோனில் கேட்கச் சொன்னார். வாணலியில் அப்பளம் பொரிகிற இரைச்சல்! கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவற்றை வெகுவாக விழுங்கிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூரிய ஓசைகள் அங்கேதான் கிடக்கின்றன. ஹெட்ஃபோனோ எதையும் விழுங்காது. பெடலில் ஸ்பீக்கரைப் போலவே வடிகட்டித் தரும் வெளியீடு தனியாக இருந்தது. அதில் மாற்றியதும் பொரிச்சல் அடங்கியது. பின் அதையும் விட்டுவிட்டு, கணினியில் 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' ஒன்றை ஏற்றினார். உண்மையான ஸ்பீக்கர் பெட்டியை மைக் வைத்து அளந்து எடுத்த கோப்பு அது. வேறு கோப்பைப் போட்டால் வேறு கிட்டாரோ என்று நினைக்கும் அளவுக்கு ஒலி மாறியது. பிறகு டியூபைக் கழற்றி வேறு கம்பெனி டியூபை மாட்டிக் காட்டினார். மாறுதலைக் கேட்க நான் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"புரியுதா? ஜனங்க டியூப் பிராண்டைப் பத்திச் சண்டை போடறாங்க. ஒலியை நிறைய மாத்தறது கடைசில இருக்கிற ஸ்பீக்கர்."

மூன்றாவது பெட்டி அவரே செய்தது. செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் துருவித் துருவி வாங்கிய சாமான்கள். 230 வோல்ட்டை 12 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. அதன் முதுகோடு முதுகாக, 12-ஐ மறுபடி 230 ஆக்க இன்னொன்று. நடுவிலுள்ள 12 வோல்ட் டியூபின் ஹீட்டரைச் சூடாக்குகிறது. கடைசியில் வரும் 230-ஐ நேர்மின்னாக்கினால் பிளேட்டுக்கு வேண்டிய உயர் வோல்டேஜ் தயார். டியூபின் மேல் மங்கலாக 'பெல்' முத்திரை. அதாவது பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்; 1961-ல் அது ரேடியோ வால்வு, அதாவது டியூப், தயாரிக்கத் தொடங்கியது. நம் வீட்டு வால்வு ரேடியோக்கள் ஓடிய காலம் அது. இன்றைக்கு உலகத்துக்கு டியூப் செய்துகொடுப்பவை ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சராடோவ் ஆலை, சீனத் தயாரிப்பாளர்கள் என்று கைவிரலில் அடங்கும். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் உலகெங்கும் கிட்டார்க்காரர்கள் டியூபைப் பதுக்கத் தொடங்கினார்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கினார். பிறகும் கை வைக்கவில்லை. தடை இணைத்த ஒயரால் பெரிய கெப்பாசிட்டர்களை வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே தங்கியிருக்கும் வோல்டேஜ் ஆளைக் கொல்லும். எலெக்ட்ரானிக்ஸ் பழக்கமில்லாதவர்கள் கையால் செய்வதை நினைக்கவே வேண்டாம்.

இந்தப் பெட்டியில்தான் அண்ணா கர்நாடக இசை வாசிக்கிறார். தோடியின் காந்தாரத்தைத் தந்தியை இழுத்து அசைத்துக் காட்டினார். சாதாரண கிட்டாரில் நாதம் பாதி வழியில் செத்துவிடும் இடத்தில், டியூப் உச்சியை அமுக்கி அடியைத் தூக்கிக் கொடுப்பதால் கமகம் முடியும்வரை ஒலி நின்றது. முதல் கட்டத்தில் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு, அதே கால்களில் பொருந்தும் 12ஏவொய்7 போட்டிருந்தார். அதன் காரணி 45-ஐ ஒட்டியது. ஐம்பதுகளின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பில் முதல் டியூப் அதுதான். அந்த பாஸ்மேனைப் பார்த்து 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பைச் செய்தபோது அங்கே 12ஏஎக்ஸ்7-ஐப் போட்டார். மார்ஷலின் முரட்டுத்தனத்துக்கு அதுவும் ஒரு காரணம். கமகத்துக்கு முரடு வேண்டாம், நீளம்தான் வேண்டும் என்பது அண்ணாவின் கணக்கு.

பிறகு ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்த்து மீட்டினார். கெயினை ஏற்ற ஏற்ற, யாரும் வாசிக்காத கீழ் ஸட்ஜம் அடியில் எழுந்தது. ஸ-ப விகிதம் 2க்கு 3. டியூப் வளைக்கும்போது இரண்டின் வித்தியாசமான 1-ம் பிறக்கிறது. அது ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஸட்ஜம். தம்புராவே சேர்ந்துகொண்டதுபோல் தோன்றியது. அடுத்து ஸட்ஜமும் அந்தர காந்தாரமும். சகிக்கவில்லை. சுத்த விகிதம் 4க்கு 5. கிட்டாரின் ஃப்ரெட் அமைப்பிலோ காந்தாரம் 14 சென்ட் தூக்கலாக நிற்கிறது. அதனால் பிறக்கும் வித்தியாச ஸ்வரம் ஸட்ஜத்தில் விழாமல், அரை ஸ்வர இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு விலகி விழுகிறது. ராக்காரர்கள் டிஸ்டார்ஷனில் மூலமும் ஐந்தாவது ஸ்வரமும் மட்டும் வைத்து 'பவர் கார்டு' வாசிப்பதன் ரகசியம் இதுதான். முழு கார்டு வாசிக்கிற ஆளுக்குக் குறைந்த கெயின். ஒற்றை வரியில் ராகம் வாசிக்கிறவருக்குத் தாராளமாக ஏற்றலாம்.

இடையில் அந்த வீட்டு மாமி காபியோடு வந்து ஏர்கூலரைப் போட்டார். உடனே ஸ்பீக்கரில் கடகடப்பு. மோட்டார் ஓடும் லைனிலேயே ப்ரீஆம்பைச் செருகக் கூடாது என்பதற்குச் செயல்முறை விளக்கம். மின்வெட்டில் இன்வெர்ட்டருக்கு மாறினால், சதுர அலை தரும் ரகமாயிருக்கும் பட்சத்தில் சீற்றம் இன்னும் மோசம். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் தொல்லை குறைவு. மூன்று பின் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் பெட்டியை நேராகச் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.

'உம்ம்' என்ற இரைச்சலைக் காதாலேயே பிரிக்க ஒரு வழி சொன்னார். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதோடு ஒட்டினால் 100 ஹெர்ட்ஸ்: பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் கிழடாகிவிட்டது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் 50: எர்த் இணைப்பு, ஹீட்டர் ஒயர், அல்லது பிக்கப் அருகில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர். பென்சிலால் டியூபைத் தட்டி, 'டங்' என்று ஸ்பீக்கரில் மணி அடித்தால் டியூப் மாற்றும் நேரம்.

கிளம்பும்போது எதை வாங்குவது என்று கேட்டேன். "உன்கிட்ட இப்ப இருக்கிறது ஹெட்ஃபோன். அதனால முதல் காசு ஸ்பீக்கர் வடிகட்டி இருக்கிற வெளியீட்டுக்கு. ரெண்டாவது, பிளேட்டுக்கு நிஜமா உயர் வோல்டேஜ் போற பெட்டிக்கு. மிச்சமிருந்தா ஸ்பேர் டியூப் ஒண்ணு. ஜன்னல் வழியா எரியறதைப் பாக்கணும்னு ஆசையிருந்தா ஒரு நைட் லாம்ப் வாங்கிக்கோ" என்றார். அந்த வரிசையில்தான் வாங்கினேன். நைட் லாம்ப் மட்டும் வாங்கவில்லை.