கெய்ரோவின் மூன்று இல்லங்கள்

'தார்' என்னும் அரபுச் சொல்லுக்கு இல்லம் என்பது பொருள். மாணவர்க்கு இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் கெய்ரோ மாநகரின் மூன்று இல்லங்களை நாம் எடுத்துக்காட்டுவதுண்டு. தாருல் குதுப் என்னும் நூலகம், தாருல் உலூம் என்னும் ஆசிரியர் கல்லூரி, தாருல் ஓபரா என்னும் இசை நாடக அரங்கம். மூன்றும் எகிப்தை ஆண்ட கெதீவ் இஸ்மாயீலின் காலத்தில், நான்காண்டுகளுக்குள் தோன்றியவை.

முதலில் எழுந்தது அரங்கமே. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழா. ஐரோப்பிய அரச குடும்பத்தார் விருந்தினராக வரவிருந்தனர். அவர்கள் நாட்டு மாளிகைகளுக்கு நிகரான ஒன்றைக் காட்ட இஸ்மாயீல் விழைந்தார். அவோஸ்கானி, ரோஸ்ஸி என்னும் இத்தாலியர் இருவர், எஸ்பெக்கியாப் பூங்காவின் அருகே ஆறே திங்களில் அதனைக் கட்டி முடித்தனர். கல்லை அடுக்கக் காலமில்லை. பெரும்பகுதி மரத்தாலேயே அமைந்தது. ஏறத்தாழ 850 பேர் அமரலாம்.

நவம்பர் முதல் நாள் வெர்டியின் 'ரிகோலெட்டோ'வுடன் திரை உயர்ந்தது. பண்டை எகிப்தைக் களமாகக் கொண்ட அவருடைய 'ஐதா', 1871 டிசம்பர் 24 அன்று முதன்முதலாக அரங்கேறியதும் இங்கேதான். அதற்குரிய உடைகளும் காட்சித் திரைகளும் பாரிஸில் ஆயத்தமாயின. பிரஷ்யப் படை அந்நகரை முற்றுகையிட்டமையால் அவை அங்கேயே முடங்க, அரங்கேற்றமும் தள்ளிப்போயிற்று. கட்டடக் கலைஞர் மட்டுமா, எகிப்தின் கதைக்குரிய ஆடையும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது!

கடனும் அவ்வழியே வந்தது. கால்வாய், இருப்புப் பாதை, அரண்மனை எனப் பெருகிய செலவில் அரங்கம் ஒரு சிறு பகுதியே. 1875இல் கால்வாய்ப் பங்குகள் ஏறத்தாழ 40 இலட்சம் பவுனுக்கு ஆங்கிலேயர் கைக்கு மாறின. 1879இல் இஸ்மாயீல் அரியணை இழந்தார். 1882இல் ஆங்கிலப் படை நாட்டினுள் புகுந்தது.

அரங்கமோ நிலைத்து நின்றது. ஆயினும் 102 ஆண்டு நிறைவதற்கு நான்கே நாள் இருக்கையில், 1971 அக்டோபர் 28 அன்று விடியுமுன் தீக்கு இரையாயிற்று. அவ்விடத்தில் பின்னர் எழுந்தது வண்டி நிறுத்தும் மாடிக் கட்டடம். ஜப்பானின் உதவியால் புதிய அரங்கம் நைல் நதித் தீவில் 1988இல் திறக்கப்பட்டது. பழைய இடத்திற்கோ இன்றும் 'ஓபரா சதுக்கம்' என்றே பெயர்.

தாருல் குதுப் இன்றும் எகிப்தின் தேசிய நூலகம். தாருல் உலூம் கெய்ரோப் பல்கலைக் கழகத்தின் ஓர் அங்கம். கலையை நாம் குறை கூறவில்லை. நூலும் கலையும் ஒரு நாட்டின் இரு கண்கள். ஆனால், விருந்தினர் வியக்கவென்று விரைந்து கட்டியது வேறு, வீட்டுப் பிள்ளைகள் கற்கவென்று கட்டியது வேறு. இல்லம் எழுப்புவோர் யாவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அது யாருக்காக என்பதே.