எப்போது சூடேறுகிறது?

அப்பா விட்டுச்சென்ற பழைய காரை இரண்டு பட்டறைகள் கைவிட்டிருந்தன. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், என்ஜினை இறக்கவேண்டும் என்றார்கள். அந்தச் செலவுக்கு விற்றுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது.

நாமக்கல்லில் நாங்கள் கண்ட பெரியவர் ஸ்பேனரைத் தொடவில்லை. எப்போது சூடேறுகிறது என்று மட்டும் கேட்டார். சேலம் நெடுஞ்சாலையில் முள் பாதியைத் தாண்டுவதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து ஏறுகையில்தான் சிவப்பை எட்டுகிறது. பாதி நோய் அந்த விடையிலேயே இருந்தது. விரைந்து செல்கையில் எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். ஊர்கையில் அந்த வேலை மின்விசிறியுடையது. நெடுஞ்சாலையிலும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையோ தண்ணீர் பம்பையோ சந்தேகிக்கலாம். கேஸ்கெட் போயிருந்தால் வெளியே ஒழுகாமலேயே தண்ணீர் குறையும். பல வேளைகளில் ஆயில் பால்காப்பியின் நிறம் கொள்ளும், புகை வெண்மையாக வரும். இங்கே எதுவுமில்லை.

என்ஜின் ஆறிய பிறகே மூடியைத் திறந்தார். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காதிருக்கும். சூட்டில் திறந்தால் முகத்தில் பாயும். தெர்மோஸ்டாட்டை முந்தைய பட்டறையில் கழற்றி எறிந்திருந்தார்கள். வெயில் ஊருக்கு அது வேண்டாமென்பது நம் பட்டறைகளின் நெடுநாள் மூடநம்பிக்கை. புதிதொன்றைப் பொருத்தினார்.

பிறகு என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். முள் ஏறியது, விசிறி சுழலவில்லை. பாட்டரியிலிருந்து நேரே கம்பி கொடுத்ததும் சுழன்றது. மோட்டார் நலம். கருகியிருந்தது ரிலே.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அறப்பளீஸ்வரர் கோயில்வரை சென்றோம். வளைவுகளில் விசிறி இரைந்துகொண்டே வந்தது.